கறுப்புக் கோடு போட்ட மூட்டை

“பாஸ், பொய்க்கு மார்க் போடுற உத்தியோகம் எனக்குக் கிடைச்சா, இந்தப் பொய்க்கு முட்டைதான் போடுவேன். நல்லவேளை, இந்த இடத்துல முட்டைக்குப் பஞ்சமில்லை!”

கோழிப் பண்ணையின் இரும்புக் கதவைத் தாண்டிக் காரை நிறுத்தும்போதே கொசு ஆரம்பித்துவிட்டான். முப்பது வயதைக் கடந்துவிட்ட அவனுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர் துப்பறியும் அம்மையாரேயாவார். காதருகே ஓயாமல் ரீங்காரமிடுவது ஒரு காரணம். விரட்ட விரட்டத் திரும்பி வந்துவிடுவது மற்றொன்று. தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த அம்மையாரோ, வாய் நிறையப் பேசவேண்டிய இடத்தில் ஓரிரு வார்த்தைகளை மட்டும் செலவிட்டு, மீதத்தைச் சேமித்து வைக்கும் சுபாவமுடையவர்.

“எந்தப் பொய்?” என்றார் அவர்.

“அதான் பாஸ், போன்ல பண்ணை அம்மா சொன்னாங்களே, அவங்க தம்பி பொண்டாட்டி விட்ட கதை! பண்ணைக்கு வர்றதே ரெண்டு வகை மூட்டை. ஒண்ணுல சிவப்புக் கோடு, இன்னொண்ணுல பச்சைக் கோடு. இவங்க என்னடான்னா கறுப்புக் கோடு போட்ட மூட்டையைத்தான் எடுத்தேன்னு சாதிக்கிறாங்க. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் படிப்பு வேணும் பாஸ்.”

“எனக்கும் அதுதான் உறுத்துது.”

“எது?”

“பொய் சொல்றவங்க இவ்வளவு மோசமா சொல்லமாட்டாங்க.”

விவகாரம் இதுதான். முந்தாநாள், கடைசிக் கொட்டகையில் முட்டையிடும் பருவத்தை எட்டியிருந்த வெள்ளைக் கோழிகளில் பாதிக்கு மேல் சுருண்டு விழுந்து இறந்தன. அந்தக் கொட்டகையில் தீவனம் கலப்பவள் பண்ணை அம்மாளின் தம்பி மனைவி. கணவன் காலமான பின், தான் நடத்திவந்த தையற்கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். திரும்பிப் போக அவளுக்கு வேறொரு கூரை கிடையாது. பச்சைக் கோட்டு மூட்டையில் இருப்பது தீவனத்தோடு கலக்கவேண்டிய சுண்ணாம்புச் சத்துத் தூள். சிவப்புக் கோட்டு மூட்டையில் இருப்பதோ, காலிக் கொட்டகைகளில் பேன் ஒழிக்கத் தூவும் நச்சுத் தூள். கோழிகளின் இரைப்பையில் இருந்தது அந்த நச்சுத் தூளே என்று கால்நடை மருத்துவர் இன்று காலையில் தெரிவித்துவிட்டார். மாலைக்குள் தம்பி மனைவியின் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிடுவதென்று பண்ணை அம்மாள் முடிவு கட்டியிருந்தார். அதற்கு முன், மனச்சாட்சி உறுத்தாமலிருக்க ஒருமுறை விசாரித்துவிடும்படி அம்மையாரை வரவழைத்திருந்தார்.

அலுவலக அறையில் முட்டை அட்டைகள் கூரையைத் தொடுமளவு அடுக்கப்பட்டிருந்தன. பண்ணை அம்மாள் நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பற்றியவாறு, அவருடைய கொழுந்தன் நின்றிருந்தார். பண்ணையின் மேலாளரும் அவரே. அவர் அசையும்போதெல்லாம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து கலகலத்தது. ‘நாற்காலி அண்ணியோடது, பிடி இவரோடது’ என்று கொசு மனத்துக்குள் குறித்துக்கொண்டான்.

“நீங்க பார்த்ததை உங்க வாயாலேயே சொல்லுங்க” என்றார் அம்மையார்.

கொழுந்தன் வாயைத் திறந்தார். அச்சமயம் பார்த்து, ஒற்றை இறகு ஒன்று மின்விசிறிக் காற்றில் மிதந்து வந்து அவர் முன்னிருந்த மேசைமீது இறங்கியது. அவ்வளவுதான், அடுக்கடுக்காகத் தும்மல்.

“கோழிப் பண்ணையில குப்பை கொட்டிக்கிட்டு இறகு ஆகாதா சார்?” என்றான் கொசு.

“அலர்ஜி. அதனாலதான் நான் ஆபீஸ், ஸ்டோர், லாரி, மார்க்கெட் இதோட சரி. கொட்டகைக்குள்ள கால் வைக்கிறதே இல்ல.”

“முந்தாநாள் வச்சிருக்கீங்க” என்றார் அம்மையார்.

“வச்சேன் மேடம். லாரிக்காரன் வந்து நின்னான், இவங்களைக் கூப்பிடப் போனேன். கதவைத் திறந்து உள்ளே ரெண்டடி போய், கதவைச் சாத்திட்டு நின்னேன். எனக்கு முதுகு காட்டிக்கிட்டு மூட்டையைச் சாய்ச்சுக் கலவை டிரம்முல கொட்டிக்கிட்டு இருந்தாங்க. சிவப்புக் கோடு. பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

“தடுக்கலையா?”

“டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன். அதுவும் இல்லாம, நாளைக்கே பண்ணைக்கு முதலாளியா வரப்போறவங்க. நான் யாரு கேக்கிறதுக்கு?”

அந்த ‘நான் யாரு’ பணிவாகத்தான் வந்தது. ஆயினும் பணிவுக்குள் முள் ஒன்று இருந்ததைக் கொசு கவனித்தான்.

பண்ணை அம்மாள் பெருமூச்செறிந்தார். “வர்ற மாசத்துலயிருந்து பண்ணையை அவ பார்த்துக்கட்டும்னு நான்தான் சொல்லியிருந்தேன். அதுக்காகத்தான் முதல்ல கொட்டகை வேலையைப் பழகுன்னேன். இவனைச் சின்னதுலயிருந்து நான் என் பிள்ளையா வளர்த்தேன். இவனுக்குப் பொய் பேச வராது. கோழிங்க விழுந்த அன்னிக்கே, ‘சிவப்பு மூட்டையைக் கொட்டினாங்க அண்ணி, என் கண்ணால பார்த்தேன்’னு சொன்னான். இன்னிக்கு டாக்டர் சொன்னதும் அதோட அப்படியே ஒத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“கொட்டகையைப் பார்க்கணும்” என்றார் அம்மையார்.

வெளியே வந்ததும் கொசு அவர் காதில் ரீங்கரித்தான். “பாஸ், கொழுந்தன் ஆளு வழுக்குறாரு. பண்ணை அம்மா அதுக்கு மேல. போலீஸுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டு மனச்சாட்சிக்கு ஆள் கூப்பிடுறாங்க. தம்பி பங்கு கேட்டு நாளைக்கு இவங்க வந்து நிக்கக்கூடாதுன்னு அவங்களே ஏன் செஞ்சிருக்கக்கூடாது?”

“செஞ்சிருக்கலாம்.”

“தம்பி பொண்டாட்டியும் செஞ்சிருக்கலாம்.”

“செஞ்சிருக்கலாம்.”

“உங்களுக்கு யார் மேலதான் பாஸ் சந்தேகம் இல்ல?”

“கோழிங்க மேல.”

கடைசிக் கொட்டகைக்கு ஜன்னல்களே கிடையா. பக்கச் சுவரையொட்டி, ஏணி சாத்திய பெரிய தகரத் தீவனத் தொட்டி ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. அதிலிருந்து சாய்வாக இறங்கிய குழாயொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளேயிருந்த கலவை டிரம்முக்குச் சென்றது. வாசலில் தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி தலை நிமிர்ந்தாள். அழுது முடித்த கண்கள். ஆனால் குரலில் அழுகையின் ஈரமே இல்லை.

“கறுப்புக் கோடுதானான்னு கேக்கத்தானே வந்தீங்க? கறுப்புக் கோடுதான்.”

“பண்ணைக்குக் கறுப்புக் கோட்டு மூட்டையே வர்றதில்லையாமேங்க?” என்றான் கொசு.

“பண்ணைக்கு என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. ஸ்டோர் பக்கச் சுவத்துல ஒரு திட்டிவாசல் இருக்கு. அது வழியா மூட்டையை உள்ளே தள்ளிடுவாங்க. உள்ளே இருக்கிறது ரெண்டு வகை. ஒண்ணு கோடே இல்லாத வெறும் மூட்டை, நான் வந்த நாள்லயிருந்து ஒண்ணே ஒண்ணு மூலையில கிடக்கு. மத்ததெல்லாம் கறுப்புக் கோடு. முதல் நாள் அண்ணி உள்ளே வந்து, இதைத்தான் கலக்கணும்னு தட்டிக் காட்டினாங்க. அன்னியிலயிருந்து அதையேதான் எடுக்கிறேன்.”

கணவனின் அக்காளையும் அண்ணி என்றே அழைப்பது அவள் வழக்கம். ஆக, பண்ணை அம்மாள் இருவருக்கும் அண்ணி. ஒருவர் வாயில் அச்சொல் நெய்யாக உருகியது. மற்றவள் வாயில் வெறும் சொல்லாக விழுந்தது.

கொசு குனிந்து அம்மையாரிடம் கிசுகிசுத்தான்: “கோடே இல்லாத மூட்டையும் பண்ணையில கிடையாது பாஸ். ஒரு பொய் வாங்கினா இன்னொரு பொய் இலவசம்போல.”

அவள் எழுந்து கதவைத் திறக்குமுன் எச்சரித்தாள். “அந்த மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு வாங்க. டார்ச், செல்போன் எதையும் உள்ளே அடிக்காதீங்க. சிவப்பு பல்பு மட்டும்தான்.”

“ஏன்?” என்றார் அம்மையார்.

“இந்தக் கோழிங்க ஒண்ணை ஒண்ணு கொத்துற ஜாதி. ஏதாவது ஒண்ணுக்குத் துளி ரத்தம் வந்துட்டாப் போதும், எல்லாம் சேர்ந்து அதைக் கொத்தியே கொன்னுடும். அதுக்காக டாக்டர்தான் சிவப்பு பல்பு மாட்டச் சொன்னாராம், நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. சிவப்பு வெளிச்சத்துல ரத்தம் கோழி கண்ணுக்குத் தெரியாது.”

மருந்துத் தண்ணீரில் ஒரு காலை வைத்த அம்மையார், மறு காலை வைக்க மறந்து அப்படியே நின்றார்.

கதவு மூடியதும் உலகமே சிவப்பாயிற்று. சுவரும் தரையும் கம்பிகளும், எஞ்சியிருந்த கோழிகளும், அவற்றின் கொண்டைகளும், எல்லாம் ஒரே சிவப்பு. கொண்டை எங்கே முடிகிறது, இறகு எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படவில்லை. கொசு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். பார்த்தவன் துள்ளிக் குதித்தான்.

“பாஸ்! என் சட்டை!”

கிளிப்பச்சையில் ஆசை ஆசையாக வாங்கிய புதுச் சட்டை. அது இப்போது கரியைப் பூசினாற்போலக் கன்னங்கரேலென்று அவன் உடம்பில் தொங்கியது.

“கல்யாணத்துக்குக் கிளம்பினவனைத் துக்க வீட்டுக்கு அனுப்பின மாதிரி ஆயிடுச்சே!”

அம்மையார் சுற்றிலும் பார்த்தார். கலவை டிரம்மின் அருகே கறுப்புக் கோடு போட்ட மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூலையில், கோடே இல்லாத மூட்டையொன்று தனியே கிடந்தது. அதனருகே குனிந்து, அதன் வாயை விரல்களால் நெடுநேரம் தடவிப் பார்த்தார். பின்னர்க் கைப்பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனா ஒன்றையும் எடுத்து, ஏதோ எழுதிக் கொசுவிடம் நீட்டினார்.

“படி.”

கொசு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வெறும் தாள் பாஸ். மை தீர்ந்துபோச்சு.”

“வெளியே போய்ப் படி.”

வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததுதான் தாமதம், தாளில் சிவப்பு எழுத்துகள் குப்பென்று பூத்தன: ‘கொசு, சற்று நேரம் வாயை மூடு.’

அவன் உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டான். ஆனால் தகரத் தொட்டியின் நிழலுக்கு அம்மையார் வந்து சேருமட்டுந்தான்.

“பாஸ், இது என்ன மாயம்?”

“மாயம் இல்ல, சாயம். சிவப்பு, பச்சைங்கிறது பொருளுக்குள்ள ஊறிக் கிடக்கிற சொத்து இல்ல. மேல விழுற வெயில்ல எல்லா நிறமும் கலந்துதான் வருது. சாயம் தனக்குத் தோதானதை விழுங்கிடும். மத்ததைத் திருப்பி அனுப்பிடும். அந்தத் திருப்பி அனுப்பினதுதான் நம்ம கண்ணுக்கு வந்து சேருது.”

“விழுங்கினது என்ன ஆகும்?”

“பெரும்பாலும் சூடாயிடும். வெயில்ல கறுப்புத் துணி போட்டா வேகுதே, ஏன்? வர்றதை எல்லாம் விழுங்குது.”

“எதை விழுங்கலாம், எதைத் துப்பலாம்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

“சாயத்துக்குள்ள இருக்கிற எலக்ட்ரான்கள்தான். அதுங்க மேல ஏறுறதுக்குப் படி மாதிரி இருக்கு. அந்தப் படியோட உயரத்துக்குச் சரியா இருக்கிற வெளிச்சத்தை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு ஏறும். கூடவோ குறையவோ இருந்தா தொடாது. ஒவ்வொரு சாயத்துக்கும் படி உயரம் வேற. அதான் நிறமும் வேற.”

கொசு தன் சட்டையைக் கவலையோடு நோக்கினான். வெயிலில் அது மறுபடியும் கிளிப்பச்சையாகச் சிரித்தது.

“அப்போ என் சட்டை எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, பச்சையை மட்டும் வேணாம்னு துப்புதா?”

“ஆமா.”

“எவ்வளவு ஆசையா பச்சைன்னு வாங்கினேன்! அதுக்குப் பச்சையே பிடிக்காதாம்!”

“உள்ளே இருக்கிற பல்பு சிவப்பை மட்டும்தான் கொடுக்குது. சிவப்பை உன் சட்டை விழுங்கிடும். திருப்பி அனுப்ப ஒண்ணுமே மிச்சமில்ல. அதனால கறுப்பு. வெள்ளைத் தாள் எதையும் விழுங்காது, வர்ற சிவப்பை அப்படியே அனுப்பும். சிவப்பு மையும் அந்தச் சிவப்பையேதான் அனுப்புது. ரெண்டும் ஒண்ணாயிட்டா எழுத்து எங்கே தெரியும்?”

கொசுவின் மூளையில் மெல்ல விளக்கு எரிந்தது. “அப்போ பச்சைக் கோடு, கறுப்புக் கோடாயிடும். சிவப்புக் கோடு போட்ட வெள்ளை மூட்டை, வெறும் மூட்டையாயிடும். பாஸ்! பொய் மாதிரி இருந்ததெல்லாம் நிஜம். நிஜம் மாதிரி இருந்தது…”

“வாயை மூடுன்னு எழுதிக் கொடுத்தேனே, படிச்சியா இல்லையா? போய் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா.”

கொழுந்தன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். முந்தாநாள் நின்ற இடத்தில் நிற்குமாறு அம்மையார் பணித்ததும், வாசலிலிருந்து ஓரடி உள்ளே வைத்துத் தயங்கினார். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்கள், புது ஊருக்கு வந்தவனின் கண்களைப்போல் அலைந்ததைக் கொசு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். பண்ணை அம்மாளும் தம்பி மனைவியும் உள்ளே வந்ததும் கதவு மூடப்பட்டது.

“இங்கே இருக்கிற மூட்டை எதையும் முந்தாநாள்லயிருந்து யாரும் நகர்த்தலைன்னு பண்ணை அம்மாவே சொல்றாங்க” என்றார் அம்மையார். “அன்னிக்கு டிரம்முல கொட்டின மாதிரி மூட்டை எதுன்னு காட்டுங்க.”

கொழுந்தன் பார்த்தார். டிரம்மின் பக்கம் பார்த்தார், மூலையைப் பார்த்தார், கைக்குட்டையை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இது… இதெல்லாம் கறுப்புக் கோடு. அது வெறும் மூட்டை.” தும்மல் ஒன்று குறுக்கிட்டது. “சிவப்பு மூட்டையைக் காணோம்! பார்த்தீங்களா அண்ணி, மிச்சம் இருந்ததை எங்கேயோ ஒளிச்சுட்டாங்க!”

“கறுப்புக் கோடா?” என்றார் பண்ணை அம்மாள், திடுக்கிட்டு. முதல் நாள் கைப்பழக்கத்திலேயே அந்த மூட்டைகளைத் தட்டிக் காட்டியவர், இப்போதுதான் முதன்முறையாக அவற்றைக் கண்ணால் பார்த்தார்.

“கொசு, அந்த வெறும் மூட்டையை வெளியே இழு” என்றார் அம்மையார்.

கொசு மூட்டையின் காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். எல்லாரும் பின்தொடர்ந்தனர். மூட்டையின் தலை வாசற்படியைக் கடந்து வெயிலைத் தொட்டது. தொட்ட இடத்தில் இரத்தம் கசிந்தாற்போல ஒரு சிவப்பு புறப்பட்டது. இழுக்க இழுக்க அது நீண்டது. மூட்டை முழுவதும் வெளியே வந்தபோது, அதன் வயிற்றின் குறுக்கே கையகலச் சிவப்புக் கோடு பளபளவென்று மின்னியது. அடுத்து ஒரு கறுப்புக் கோட்டு மூட்டை வந்தது. அது வாசலைத் தாண்டியதும் பச்சைக் கோட்டு மூட்டையாகிவிட்டது.

பண்ணை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரத்தம் கோழிக்குத் தெரியக்கூடாதுன்னுதானே சிவப்பு பல்பு மாட்டினீங்க?” என்றார் அம்மையார் கொழுந்தனை நோக்கி. “கோழிக்குத் தெரியாத சிவப்பு உங்களுக்கு மட்டும் பளிச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

கொழுந்தன் பேயறைந்தாற்போல் நின்றார். சாவிக்கொத்துகூட வாயடைத்துப்போயிற்று. ‘ஆட்டம் முடிந்தது’ என்று கொசு உள்ளுக்குள் கும்மாளமிட்டான். அவன் கணக்கு தவறு. கொழுந்தன் தலையைச் சாய்த்தார், பின், எண்ணெயில் விழுந்த வெண்ணெய்போல வழுக்கி நழுவினார்.

“சரி மேடம், ஒத்துக்கிறேன். நான் பார்க்கல. பார்த்தேன்னு ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லிட்டேன். ஆனா இப்போ நீங்களே நிரூபிச்சுட்டீங்களே! இந்த வெளிச்சத்துல எது எதுன்னு தெரியாது. அவங்க வெறும் மூட்டைன்னு நினைச்சு இதிலிருந்து அள்ளிக் கொட்டியிருக்காங்க. வேணும்னு செய்யல, தெரியாமச் செஞ்சுட்டாங்க. ஆனா செஞ்சது அவங்கதானே? இப்படிப்பட்டவங்க கையிலயா அண்ணி பண்ணையைக் கொடுக்கப்போறீங்க?”

பண்ணை அம்மாளின் முகத்தில் தயக்கம் படர்ந்தது. அவர் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், காலையில் இருந்த வெறுப்பு இல்லை. ஆனால் நம்பிக்கையும் இல்லை. கொசு அம்மையாரைப் பார்த்தான். அந்த ஆள் சொல்வது பொருத்தமாகவல்லவா இருக்கிறது! பாஸ் ஏற்றிய விளக்கே அவளைச் சுட்டுவிட்டதே!

அம்மையார் மட்டும் பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“எல்லாரும் கோட்டையே பார்த்துக்கிட்டிருக்கீங்க” என்றார். பிறகு தம்பி மனைவியிடம் திரும்பினார். “நீங்க தையல் தெரிஞ்சவங்க. அந்தச் சிவப்பு மூட்டையோட வாயைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

அவள் மண்டியிட்டாள். விரல்கள் தையலின்மேல் ஓடின; ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி நின்றன. குரல் சட்டென்று உயர்ந்தது.

“பிரிக்கவே இல்லையே! மில்லுல போட்ட சங்கிலித் தையல் அப்படியே இருக்கு. ஒரு கண்ணிகூட அறுகல. பிரிச்சுட்டு மறுபடி தைச்சிருந்தா பழைய துளை தெரியும். இதுல துளையே இல்ல.”

“கேட்டீங்களா?” என்றார் அம்மையார். “கொட்டகைக்குள்ள இருந்த ஒரே நச்சு மூட்டை இதுதான். இதிலிருந்து ஒரு சிட்டிகைகூட வெளியே வரலை. அப்போ விஷம் எந்த வழியா உள்ளே போச்சு?”

எல்லாருடைய கண்களும், ஒன்றையொன்று பின்தொடர்வனபோல், மேலே உயர்ந்தன. ஏணி சாத்திய தகரத் தொட்டி வெயிலில் கண்ணைக் கூசச் செய்தபடி நின்றது. வெளியே நின்று ஏறி, வெளியே நின்று கொட்டலாம். கொட்டகைக்குள் தலையை நீட்டவும் தேவையில்லை. இறகும் படாது, தும்மலும் வராது.

“ஏணி வச்சா யார் வேணும்னாலும் ஏறலாம் மேடம்!” கொழுந்தனின் குரல் கீச்சிட்டது.

“ஏறலாம். ஆனா கொட்டுறதுக்கு ஸ்டோர்லயிருந்து மூட்டை வேணுமே?”

அவர் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்கொத்தை மூடியது. மூடிய பிறகுதான், அது செய்த காட்டிக்கொடுக்கும் வேலை அவருக்கே புரிந்தது.

அம்மையார் மேற்கொண்டு பேச வாயெடுத்தார். ஆனால் பேசியவர் பண்ணை அம்மாள். உரக்கப் பேசவில்லை, தனக்குத்தானே கணக்குச் சொல்லிப் பார்ப்பவர்போல் பேசினார்.

“டாக்டர் இன்னிக்குக் காலையிலதானே சொன்னாரு, பேன் மருந்துன்னு. அது வரைக்கும் நோயோ என்னவோன்னுதானே எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தோம். நீ… அன்னிக்கே சிவப்பு மூட்டைன்னு சொன்னியேப்பா. நீ பார்க்கலேன்னா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கொசு கொழுந்தனின் முகத்தைப் பார்த்தான். அங்கே நெய்யும் இல்லை, வெண்ணெயும் இல்லை. களைத்துப்போன ஒரு நடுவயதுக்காரரின் முகம்தான் இருந்தது.

“லாரி பின்னாடியே ஓடி ஓடி இந்தப் பண்ணையை நிக்கவச்சவன் நான் அண்ணி” என்றார் அவர் கடைசியில். “நேத்து வந்தவங்க கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கணும்தான்” என்றார் பண்ணை அம்மாள். “அதுக்காக, வாயில்லா ஜீவனைக் கொன்னு, இவளை ஜெயிலுக்கு அனுப்புவியா?”

பிறகு அவர் தம்பி மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

“என்னை மன்னிச்சுடும்மா. எல்லாம் அந்தப் பாழாப்போன பல்பு பண்ணின வேலை. அந்த வெளிச்சத்துல எதுவுமே சரியா தெரியாம…”

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, இறுகப் பற்றவுமில்லை.

“பல்பு உள்ளேதானே அண்ணி இருக்கு? நீங்க என்னைப் பொய்க்காரின்னு சொன்னது இங்கே, இந்த முற்றத்துல. அப்போ நல்ல வெயில்தான் அடிச்சுக்கிட்டிருந்துது.”



பண்ணை அம்மாள் தலை குனிந்தார். யாருடைய முகத்தையும் பாராமல், மென்று விழுங்கினார். “நடந்தது நடந்துபோச்சு. வெளியே தெரிஞ்சா குடும்பத்துக்குத்தான் அசிங்கம். இதை வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்.”

“நான்னா போலீஸு. அவருன்னா வீட்டுக்குள்ளயா?”

தம்பி மனைவி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. துணியின் அளவு கேட்பவள்போல, பதில் தெரிந்தாக வேண்டும் என்னும் நிதானத்தோடு கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக அங்கேயே நின்றாள்.

பண்ணை அம்மாள் அம்மையாரைப் பார்த்தார். எந்த உதவியும் கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியின் தடித்த சில்லுகளில் வெயில் மட்டுமே தெரிந்தது. கொழுந்தனைப் பார்த்தார். அவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி, பச்சைக் கோட்டு மூட்டையின்மேல் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார், ஓட எத்தனிக்கவில்லை.

“பிள்ளையா வளர்த்தேன்” என்றார் பண்ணை அம்மாள், யாரிடமென்றில்லாமல்.

பின்னர் முந்தானை முடிச்சிலிருந்து கைப்பேசியை எடுத்தார். உச்சி வெயிலில் அதன் திரை கண்ணுக்குப் புலப்படவில்லை. இடது உள்ளங்கையைக் குவித்து அதற்கு நிழல் செய்துகொண்டு, காவல் நிலையத்தின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தலானார்.